‘உன் விருப்பம்’ என்றால் போதுமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சையெல்லாம் சுருக்கினால் இரண்டு கேள்விகளே எஞ்சும். “எத்தனை ஏ?” என்பது முதல் கேள்வி. “அடுத்து என்ன?” என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கான பதில் கையிலுள்ள தாளில் அச்சாகியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு எந்தத் தாளிலும் பதில் இல்லை. அதைத் தேடித்தான் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பலர் உறக்கம் இழக்கிறார்கள்.

அப்படி உறக்கம் இழந்தவர்களுள் ஒருத்தி என் அண்ணன் மகள். ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் பிரிவில் படித்தவள். ஏழு பாடங்களில் ஏ பெற்றாள். குடும்பமே மகிழ்ந்தது. ஆனால், முடிவு வந்த மூன்றாம் நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இரவு இரண்டு மணிவரை கைப்பேசியில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் அகப்பக்கமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றுவலி என்றாள். மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அண்ணன் மருத்துவம் என்றார். அண்ணி, ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தால் நிரந்தரமான வேலை கிடைக்கும் என்றார். ஈப்போவில் இருக்கும் என் தம்பி, இனிக் கணினித்துறைக்குத்தான் காலம் என்று குடும்பப் புலனக் குழுவில் நாள் தவறாமல் காணொலிகளை அனுப்பிக்கொண்டிருந்தான். நான் முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பிள்ளைகளின் மனம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு உண்டு. எனவே, மற்றவர்களைப்போல் நான் எதையும் திணிக்கவில்லை. “உனக்கு எது பிடிக்கிறதோ அதைப் படி அம்மா. எல்லாம் உன் விருப்பம்” என்றேன்.

அவள் உடைந்து அழுதுவிட்டாள்.

அந்த அழுகையின் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. மருத்துவம் படி என்றவர்மீது அவள் கோபித்துக்கொண்டாள். கணினி படி என்றவனைக் கேலி செய்தாள். உன் விருப்பம் என்ற என்னிடம் மட்டும் அழுதாள். பின்னர் யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மற்றவர்கள் அவளிடம் ஒரு பாதையைக் கொடுத்தார்கள். அது பிடிக்கவில்லை என்றால் மறுப்பதற்காவது ஏதோ ஒன்று அவள் கையில் இருந்தது. நானோ முழுச் சுமையையும் அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டு, பெருந்தன்மையுடன் விலகி நின்றேன். நாளை எது தவறினாலும் “நீ தேர்ந்தெடுத்ததுதானே” என்று சொல்லிவிட முடியும் அல்லவா? கலங்கிப்போயிருக்கும் பிள்ளையின் காதில் ‘உன் விருப்பம்’ என்பது ‘உன் பாடு’ என்றே விழுகிறது.

பிள்ளைகளின்மேல் நம் ஆசைகளைத் திணிக்கக்கூடாது என்று பல காலமாகப் பேசி வருகிறோம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், திணிக்காமல் இருப்பது உதவியின் தொடக்கம் மட்டுமே. தேர்வு பிள்ளையுடையதாக இருக்கட்டும். அத்தேர்வின் பாரத்தைப் பெரியவர்களும் தோள் கொடுத்துச் சுமக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இன்றைய பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு கலக்கம், எங்கள் காலத்தில் இப்படியா இருந்தது என்று கேட்போர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எங்கள் காலத்துப் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்பே இரண்டு பெரிய அரசாங்கத் தேர்வுகளைக் கடந்து வந்தார்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பிடி3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. சிறுவயதுப் பிள்ளைகளைத் தேர்வுப் பயத்திலிருந்து விடுவித்த மாற்றம் அது. அதை நான் வரவேற்கிறேன். ஆயினும், அதன் பயனாகப் பல பிள்ளைகளுக்கு வாழ்வின் முதல் பெரிய தேர்வாகவே எஸ்.பி.எம். வந்து நிற்கிறது. விழுந்து எழுந்து பழகாத பிள்ளையை எடுத்த எடுப்பில் ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவது போன்றது இது. 2022ஆம் ஆண்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, நால்வரில் ஒருவர் மனச்சோர்வுக்கு உள்ளாகியிருந்ததைக் காட்டியது. நாற்பது பேர் அமரும் வகுப்பென்றால் பத்துப் பேர். உங்கள் வகுப்பையே ஒருமுறை மனக்கண்ணில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரையும் குறை கூறிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. என் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதியைப் பினாங்கு 1969இல் இழந்தபோது இத்தீவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1972இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை உருவானது. துறைமுகத்தை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். என் அண்ணனும் படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் மேற்பார்வையாளராக இருக்கிறார். அப்படிப்பட்டவர் தம் மகள் டாக்டராக வேண்டுமென்று விரும்புவதைப் பேராசை என்று சொல்லிவிட முடியுமா? மூன்று தலைமுறையாக முதுகில் சுமந்த ஒன்றை இறக்கி வைக்க அவர் ஓர் இடம் தேடுகிறார். அந்த இடம் மகளின் தலையாக இருப்பதுதான் சிக்கல்.

அவருடைய கணக்கும் சற்றுப் பழையது. மருத்துவம் படித்தால் நிரந்தர அரசாங்க வேலை உறுதி என்பது ஒரு காலத்தில் உண்மை. 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் பணியில் சேர்கிறார்கள். மருத்துவம் உயர்ந்த பணி என்பதில் ஐயமில்லை. நோயாளிகளிடம் அக்கறையும், உயிரியலில் ஆர்வமும், நீண்ட நேரம் உழைக்கும் மன உறுதியும் உள்ளவர்கள் தாராளமாக அதைத் தேர்ந்தெடுக்கலாம். உறுதியான வருமானம் என்ற ஒரே காரணத்திற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள், எந்தக் காரணத்திற்காக வந்தார்களோ அதுவே மாறிவிட்டதைக் காண நேரிடும். கணினித்துறைக்கும் இது பொருந்தும் என்பதை என் தம்பிக்கும் சொல்லி வைத்தேன். அவன் அதற்கும் ஒரு காணொலி அனுப்பினான்.

சரி, அவளுக்கு எப்படித் தோள் கொடுப்பது? எனக்கே வழி தெரியவில்லை. பெர்மாத்தாங் பாவிலுள்ள செபெராங் பிறை பல்தொழில் கல்லூரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பாலம் வழியாகப் போகாமல் வேண்டுமென்றே படகில் போனோம். 2023இல் விடப்பட்ட புதிய படகுகளில் அவள் அதற்குமுன் ஏறியதில்லை. பட்டர்வொர்த் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. கால் மணி நேரம்கூட இருக்காது. இருவரும் அருகருகே அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. ஜார்ஜ்டவுன் கட்டடங்கள் சிறுத்துக்கொண்டே போன நேரத்தில் அவளே பேசினாள்.

“அத்தை, தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்க எவ்வளவு ஆகும் தெரியுமா?”

“சில லட்சம் ரிங்கிட் ஆகும் என்பார்கள்.”

“அப்பா வீட்டை அடமானம் வைக்கலாம் என்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.”

அவ்வளவுதான். இரண்டு வாரங்களாக மருத்துவமா, கணினியா, ஆசிரியர் தொழிலா என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம். அவளுடைய வயிற்றுவலி வேறிடத்தில் இருந்தது. எந்தப் படிப்பு என்பது அவள் கவலையே இல்லை. தான் ஒரு தவறு செய்தால் குடும்பம் வீட்டை இழந்துவிடும் என்று அந்தப் பிள்ளை அஞ்சிக்கொண்டிருந்தது. எந்த அகப்பக்கத்தைத் திறந்தாலும் முதலில் கட்டணப் பகுதிக்குத்தான் போனாளாம்.

கலங்கியிருக்கும் பிள்ளையிடம் எதிரே உட்கார்ந்து “என்ன முடிவெடுத்தாய்?” என்று கேட்டால் அது விசாரணையாகிவிடுகிறது. கண்ணுக்குக் கண் பார்க்கத் தேவையில்லாத இடங்களில்தான் பேச்சு வருகிறது. மகிழுந்தின் முன் இருக்கை, சமையலறையில் வெங்காயம் உரிக்கும் நேரம், தண்ணீர்மலைப் படிகளில் ஏறும் நேரம் எல்லாம் அத்தகைய இடங்கள். அங்கும் நாம் அறிவுரையைத் தொடங்கிவிடக்கூடாது. அன்று என் நாக்கை அடக்கிக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அச்சம் இன்னதென்று தெரிந்துவிட்டால் அதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். அன்று மாலை வீட்டில் அண்ணன், அண்ணி, அவள், நான் நால்வரும் உட்கார்ந்து பணக்கணக்கை வெளிப்படையாகப் பேசினோம். நம் குடும்பங்களில் பிள்ளைகள் முன்னால் பணத்தைப் பற்றிப் பேசுவது நல்ல பழக்கமன்று என்று நினைக்கிறோம். பேசாமல் விட்டாலும் சுவருக்கு அப்பாலிருந்து அவர்கள் கேட்டுவிடுகிறார்கள். கேட்டது பாதி என்பதால் மீதியைப் பயம் இட்டு நிரப்பிவிடுகிறது. குடும்பத்தால் எவ்வளவு முடியும், எவ்வளவுக்குமேல் முடியாது, 1997 முதல் இயங்கிவரும் பி.டி.பி.டி.என். கல்விக்கடன் எதற்குக் கிடைக்கும், அதை எப்போது திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதையெல்லாம் எழுதினோம். வீட்டை அடமானம் வைப்பதில்லை என்று அண்ணன் தம் வாயால் சொன்னார். அன்றிரவு அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டதாக அண்ணி மறுநாள் தொலைபேசியில் சொன்னார்.

அடுத்ததாக, முடிவின் அளவைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. தென்கொரியாவில் ஆண்டுதோறும் நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. ஆங்கிலத்தில் கேட்டல் பகுதி நடக்கும் அரை மணி நேரத்திற்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. தாமதமாக வரும் மாணவர்களைக் காவல்துறையினரே வாகனத்தில் ஏற்றிச் செல்கிறார்கள். அது அக்கறைதான். ஆனால், ஒரு நாடே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போது தேர்வறையில் இருக்கும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நம் நாட்டில் அப்படி ஒற்றை நாளில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இருந்தும், அப்படித்தான் என்பதுபோல் நம் வீடுகளில் நடந்துகொள்கிறோம்.

பினாங்கு மாணவர் ஒருவருக்கு முன்னால் எத்தனை வழிகள் இருக்கின்றன என்று பாருங்கள். படிவம் ஆறில் சேர்ந்து ஒன்றரை ஆண்டில் மூன்று பருவங்களாக எஸ்.டி.பி.எம். எழுதலாம். அதற்குப் பள்ளிக்கட்டணச் சுமை இல்லை. வீட்டிலிருந்தே சென்று வரலாம். கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. பல்தொழில் கல்லூரியில் டிப்ளோமா முடித்தவர்கள் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கையால் செய்து கற்பதில் நாட்டமுள்ளவர்களுக்கு நிபோங் தெபாலில் தொழிற்பயிற்சிக் கழகமும், பாயான் லெப்பாசில் 1989இல் தொடங்கப்பட்ட பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் உள்ளன. இவற்றுள் எதில் நுழைந்தாலும் அடுத்த கதவு மூடப்படுவதில்லை. சில வழிகளில் ஓராண்டு கூடுதலாகும். அறுபது வயதில் திரும்பிப் பார்க்கும் எனக்கு அந்த ஓராண்டு பெரிதாகத் தெரியவில்லை. பதினெட்டு வயதில் அது மலைபோல் தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதை அவளிடம் நான் வாயால் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சொன்னால் ஆறுதல் வார்த்தை என்று தள்ளிவிடுவாள். ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு வழியையும் கோடாக வரைந்தோம். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் “இது பிடிக்கவில்லை என்றால்?” என்று எழுதி, அங்கிருந்து எங்கே போகலாம் என்று அவளையே தேடி எழுதச் சொன்னேன். பதிலில்லாமல் ஒரு நுனியும் நிற்கவில்லை. அண்மைய ஆண்டுகளில் யூ.பி.யூ. விண்ணப்பத்தில் 12 படிப்புகள் வரை வரிசைப்படுத்த முடிகிறது. முடிவு வெளிவந்தபின் அவ்வரிசையை மாற்றியமைக்கவும் தனிக் காலம் தருகிறார்கள். முதலில் அந்தப் பன்னிரண்டு இடங்களும் பன்னிரண்டு தவறுகளுக்கான வாய்ப்பாகவே அவளுக்குத் தோன்றின. தாளில் வரைந்த பிறகுதான் அவை பன்னிரண்டு கதவுகளாகத் தெரிந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் அகப்பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை விடாமுயற்சி என்று நாங்கள் நினைத்திருந்தோம். “எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு முடிவெடுக்கிறேன்” என்று அவள் சொன்னபோது பெருமைப்பட்டோம். அது பயத்தின் வேலை. எல்லாவற்றையும் விசாரித்து முடிக்க யாராலும் முடியாது. தேடத் தேட ஒப்பீடும் கூடுகிறது; ஒப்பீடு கூடக் கூட வருத்தமும் கூடுகிறது. எனவே, மாலையில் அரை மணி நேரம் மட்டும் கூடத்து மேசையில் யாராவது ஒருவர் உடனிருக்கத் தேடுவது, பிறகு கைப்பேசியை மூடிவைப்பது என்று ஏற்பாடு செய்தோம். முதல் சில நாள்கள் சண்டைதான்.

அகப்பக்கத்தைவிட நேரில் பார்ப்பதே மேல். 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஜார்ஜ்டவுனிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்த மிண்டன் வளாகத்தின் மரங்களுக்கடியில் அவளோடு ஒரு காலை முழுதும் சுற்றினேன். நூலகத்திற்கு வெளியே அமர்ந்திருந்த ஒரு மாணவியிடம் அவளே போய்ப் பேசினாள். அந்தப் பெண் முதலாண்டில் ஒரு பாடத்தில் தோல்வியுற்று மறுபடியும் எடுத்துப் படித்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். எந்த விளம்பரக் கையேட்டிலும் அச்செய்தி இருக்காது.

உறவினர்களாகிய நம் பங்கும் இதில் உண்டு. திருமண வீட்டிலோ தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலோ ஒரு பிள்ளையைக் கண்டவுடன் “என்ன படிக்கப் போகிறாய்?” என்று கேட்கிறோம். பேச்சைத் தொடங்க நமக்கு வேறு கேள்வி தெரியாததால் கேட்கிறோம். அதே கேள்விக்கு அந்தப் பிள்ளை அன்று பத்தாவது முறையாகப் பதில் சொல்கிறது. “சாப்பிட்டாயா?” என்று கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இதைப் படிக்கும் உங்களுள் பலர் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ இந்தக் கட்டத்தில் நிற்பீர்கள். பெற்றோரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். கட்டொழுங்குச் சிக்கல் உள்ளவர்கள்தாம் அவர் அறைக்குச் செல்வார்கள் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அவருடைய வேலையில் பெரும்பகுதி இத்தகைய குழப்பங்களுக்கு வழி காட்டுவதே. உங்கள் நண்பர் ஒருவர் வாரக்கணக்கில் உறங்காமலும், உண்ணாமலும், பிடித்தமான விளையாட்டைக்கூட விட்டுவிட்டும் இருந்தால், “எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றே, அப்போதே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். இரகசியம் காப்பது அந்த நேரத்தில் நட்பாகாது.

என் அண்ணன் மகள் படிவம் ஆறில் சேர்ந்தாள். கணிதமும் பொருளியலும் எடுத்திருக்கிறாள். மருத்துவம் வேண்டாம் என்று அவள் சொன்ன நாளில் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வாசலுக்குப் போய் வெகுநேரம் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்றும் யாராவது கேட்டால், “மகள் படிவம் ஆறு படிக்கிறாள்” என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. போன மாதம் முதல் பருவத் தேர்வு எழுதினாள். முந்தின இரவு வயிறு வலிக்கிறது என்று எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். என்ன செய்யலாம் என்று கேட்டேன். “ஒன்றும் வேண்டாம் அத்தை, சும்மா கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள்” என்றாள். அன்று சந்தையில் வாங்கிய மீனைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.